‘கிவ் அப்’: எந்தப் பெயர்ச்சொல், எந்த ப்ரிப்போசிஷன்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாலை நேர ஆங்கில வகுப்பு ஒன்றைப் பல ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். கல்லூரி மாணவர், கடை நடத்துபவர், வங்கித் தேர்வுக்குப் படிப்பவர், பிள்ளைகளின் வீட்டுப்பாடத்துக்கு உதவ நினைக்கும் தாய்மார் என வருகிறவர்கள் பலவகை. ஆனாலும் ‘கிவ் அப்’ என்னும் ஃப்ரேசல் வெர்பை (வினையோடு ‘அப்’, ‘இன்’ போன்ற சிறு சொல் சேர்ந்து தனிப்பொருள் தரும் தொடரை)ப் பற்றி அவர்கள் கேட்கும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. குறிப்பேட்டின் கடைசிப் பக்கங்களில் அவ்வப்போது எழுதி வைத்த அந்தக் கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே கீழே தொகுத்திருக்கிறேன்.

‘கிவ்’ என்றால் கொடு, ‘அப்’ என்றால் மேலே. இரண்டும் சேர்ந்து எப்படி சார் ‘விட்டுவிடு’ ஆகும்?

இங்கே ‘அப்’ மேலே என்ற பொருளில் வரவில்லை. ‘ஈட் அப்’ என்றால் மிச்சம் இல்லாமல் சாப்பிட்டுவிடுவது, ‘யூஸ் அப்’ என்றால் தீரும்வரை பயன்படுத்திவிடுவது. செயல் முழுமையாக முடிந்ததை உணர்த்தும் வேலையை ‘அப்’ செய்கிறது. தமிழில் ‘சாப்பிட்டுவிட்டான்’ என்னும்போது அவன் எதையும் கைவிடவில்லை. அங்குள்ள ‘விடு’ ஒரு துணைவினை, செயல் முடிந்ததைச் சொல்கிறது, அவ்வளவுதான். அந்தத் துணைவினைக்குப் பக்கத்தில் ‘அப்’ என்பதை வைத்துப் பார்த்தால், ‘கிவ் அப்’ என்பதற்கு நேர்ப்பொருள் ‘கொடுத்துவிடு’ என்று வரும்.

ஆங்கிலத்தில் இதன் பழைய பொருளும் ஒப்படைத்தல்தான். கோட்டையை எதிரியிடம் ஒப்படைப்பது, பதவியைத் துறப்பது போன்றவற்றுக்கு வழங்கிய தொடர், பழக்கத்தை நிறுத்துவதற்கும் முயற்சியைக் கைவிடுவதற்கும் பரவியது. ஆகவே இந்தத் தொடரைக் காணும்போதெல்லாம் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்கச் சொல்வேன்: கையில் இருந்தது எது, அது யாரிடம் போயிற்று, எதன் பொருட்டுப் போயிற்று? முதல் கேள்விக்குப் பெயர்ச்சொல் பதில் சொல்லும். மற்ற இரண்டுக்கும் ப்ரிப்போசிஷன், அதாவது ‘டு’, ‘ஃபார்’ போன்ற சிறு சொல், பதில் சொல்லும்.

எந்தெந்தப் பெயர்ச்சொல்லோடு வரும் என்று ஒரு பட்டியல் கொடுத்தால் மனப்பாடம் செய்துவிடுவேன். கொடுப்பீர்களா?

பட்டியல் தேவையில்லை. ஒருவர் தம்முடையதாக வைத்திருந்த எதுவும் வரலாம்: புகைபிடித்தல், சர்க்கரை, இறைச்சி போன்ற பழக்கங்கள், வேலை, படிப்பு, இசைப்பயிற்சி போன்ற தொடர்ச்சியான ஈடுபாடுகள், உரிமை, குடியுரிமை, பட்டம், அரியணை, இருக்கை, நிலம், வாடகை வீடு, நம்பிக்கை, போராட்டம், தேடல். ஞாயிற்றுக்கிழமைகளை ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லச் செலவிடுபவரைப் பற்றி ‘கிவ்ஸ் அப் ஹிஸ் சண்டேஸ்’ என்பார்கள், ஏனெனில் ஓய்வு நாளும் அவருடைய உடைமைதான்.

எது வராது என்பதைத் தெரிந்துகொள்வது அதைவிட முக்கியம். தமிழில் ‘விடு’ என்பது நூறு இடங்களில் வரும். பேருந்தை விட்டுவிட்டேன் என்றால் அது ‘மிஸ்ட்’. குடையைக் கடையில் விட்டு வந்தேன் என்றால் ‘லெஃப்ட்’. பிள்ளையைப் பள்ளியில் விட்டேன் என்றால் ‘ட்ராப்ட்’. இந்த மூன்று இடங்களிலும் ‘கிவ் அப்’ வரக் கூடாது. ஒரு தாய் ‘ஐ கேவ் அப் மை சைல்ட் அட் ஸ்கூல்’ என்று எழுதி வந்தார்; ஆங்கிலேயர் ஒருவர் அதைப் படித்தால், அவர் குழந்தையை நிரந்தரமாக யாரிடமோ ஒப்படைத்துவிட்டார் என்று பதறிப்போவார்.

பின்னால் எந்தச் சொல்லும் இல்லாமல் வெறும் ‘ஐ கிவ் அப்’ என்று சொல்லலாமா?

சொல்லலாம். விடுகதைக்கு விடை தெரியாத பிள்ளை ‘தோற்றுவிட்டேன், நீயே சொல்’ என்று சொல்லும் இடத்தில் ஆங்கிலப் பிள்ளை சொல்வது இதைத்தான். அப்போது விடப்படுவது முயற்சி. சூழலிலேயே அது தெரிவதால் பெயர்ச்சொல் தேவைப்படுவதில்லை.

‘ஹி கேவ் அப் டு ஸ்மோக்’ என்று எழுதினேன், தவறு என்று அடித்துவிட்டீர்கள். ‘டு’ போட்டால் என்ன?

‘கிவ் அப்’ தனக்குப் பின்னால் ஒரு பொருளை, அதாவது பெயர்ச்சொல்லை எதிர்பார்க்கிறது. வினையை அங்கே வைக்க வேண்டுமானால் அதைத் தொழிற்பெயராக்க வேண்டும். ஆங்கிலத்தில் அதற்கு ‘இங்’ சேர்ப்பார்கள். ஆகவே ‘ஹி கேவ் அப் ஸ்மோக்கிங்’ என்பதே சரி.

தமிழிலும் இதே வேறுபாடு இருக்கிறது என்பதைக் காட்டினால் மாணவர்கள் பிறகு மறப்பதில்லை. ‘புகைபிடிப்பதை விட்டான்’ என்றால் நிறுத்திவிட்டான் என்று பொருள். ‘புகைபிடிக்க விட்டான்’ என்றால் வேறு யாரையோ புகைக்க அனுமதித்தான் என்று பொருள் தலைகீழாகிவிடும். தமிழில் ‘புகைபிடிப்பதை’ என்று எழுதும் இடத்தில் ஆங்கிலத்தில் ‘ஸ்மோக்கிங்’ என்று எழுத வேண்டும்.

ஆனால் செய்தித்தாளில் ‘கேவ் அப் ஹிஸ் ஜாப் டு லுக் ஆஃப்டர் ஹிஸ் மதர்’ என்று படித்தேனே? அங்கே ‘டு’ வருகிறதே?

நல்ல கேள்வி, முந்தைய பதிலை இது உடைக்கவில்லை. அந்த வாக்கியத்தில் விடப்பட்டது ‘ஜாப்’, அது பெயர்ச்சொல். அதன் பின் வரும் ‘டு’ நோக்கத்தைச் சொல்கிறது: தாயைக் கவனித்துக்கொள்வதற்காக. ‘டு ஸ்மோக்’ என்று எழுதியவரோ விடப்பட்ட பொருளின் இடத்திலேயே ‘டு’வை வைத்துவிட்டார். விடப்பட்டது எது என்பது முதலில் வந்துவிட்டதா என்று பாருங்கள். வந்துவிட்டால் பின்னால் ‘டு’ வருவதில் தடையில்லை.

‘கிவ் அப் இட்’டா, ‘கிவ் இட் அப்’பா?

‘கிவ் இட் அப்’ மட்டுமே. சமையல் எரிவாயு மானியத்தை வசதியுள்ளவர்கள் தாமாக விட்டுத்தர வேண்டும் என்று இந்திய அரசு 2015-இல் தொடங்கிய இயக்கத்தின் பெயரே இதுதான் என்பதால், நம் ஊரில் இந்தச் சொல்வரிசையைக் கேட்காதவர் குறைவு. ‘இட்’, ‘தெம்’, ‘ஹிம்’ போன்ற பிரதிப்பெயர்கள் ‘கிவ்’, ‘அப்’ இரண்டுக்கும் நடுவில்தான் உட்கார வேண்டும்.

பெயர்ச்சொல்லாக இருந்தால் இரண்டு இடமும் சரி: ‘கிவ் அப் த ஜாப்’, ‘கிவ் த ஜாப் அப்’. ஆனால் அந்தப் பெயர்த்தொடர் நீளமாக இருந்தால் நடுவில் வைக்காதீர்கள். ‘சென்னையில் பத்தாண்டுகளாகப் பார்த்துவந்த அரசாங்க வேலை’ அளவுக்கு நீண்ட ஒன்றை நடுவில் வைத்தால், வாசகர் ‘அப்’ வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டியிருக்கும்.

பேருந்தில் வயதானவருக்கு இடம் கொடுத்தேன். ‘டு’ போடுவதா, ‘ஃபார்’ போடுவதா?

இரண்டும் சரி, சாயல் வேறு. ‘டு’ என்பது இருக்கை யாரிடம் போயிற்று என்பதைச் சொல்கிறது. ‘ஃபார்’ என்பது யார் பொருட்டு எழுந்தீர்கள் என்பதைச் சொல்கிறது. தமிழில் ‘பெரியவருக்கு’, ‘பெரியவருக்காக’ என்று இரண்டு உருபுகளால் காட்டுவதும் இதைத்தான்.

‘சீட்’ என்ற சொல்லோடு இந்தத் தொடர் எவ்வளவு இறுக்கமாக ஒட்டியிருக்கிறது என்பதற்குக் கறுப்பினப் பெண்ணான ரோசா பார்க்ஸின் வரலாறே சான்று. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து மான்ட்கமரி நகரில், 1955 டிசம்பர் 1 அன்று, வெள்ளையர் ஒருவருக்காக இருக்கையைக் காலி செய்ய மறுத்து அவர் கைதானார். அதைத் தொடர்ந்து கறுப்பின மக்கள் 381 நாள்கள் நகரப் பேருந்துகளைப் புறக்கணித்தார்கள். ஆங்கிலத்தில் இந்த நிகழ்வைச் சொல்லும்போது பெரும்பாலும் ‘ரெஃப்யூஸ்ட் டு கிவ் அப் ஹெர் சீட் டு எ ஒயிட் மேன்’ என்ற வடிவமே வரும். அந்தத் தொடரில் இரண்டு ‘டு’ இருப்பதைக் கவனியுங்கள்: முதலாவது ‘மறுத்தார்’ என்பதோடு சேர்ந்தது, இரண்டாவது இருக்கையைப் பெறவிருந்தவரைச் சுட்டுவது.

பெறுபவர் இல்லையென்றால் ‘டு’வும் இல்லை. 2024 மக்களவைத் தேர்தலில் இரண்டு தொகுதிகளில் வென்ற ராகுல் காந்தி, ரேபரேலியை வைத்துக்கொண்டு வயநாட்டை விட்டார். இதற்கு ‘கேவ் அப் வயநாட்’ என்று எழுதினால் போதும். காலியான தொகுதி இடைத்தேர்தலுக்குப் போகிறதே தவிர, விட்டவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு நேராகப் போவதில்லை.

‘ஃபார்’ வந்தால் எப்போதும் ‘-க்காக’ என்றே எடுத்துக்கொள்ளலாமா?

எடுத்துக்கொள்ள முடியாது, இங்கேதான் தேர்வெழுதுபவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். பிரிட்டனின் எட்டாம் எட்வர்டு 1936 டிசம்பரில் வாலிஸ் சிம்ப்சனை மணப்பதற்காக முடியைத் துறந்தார். ‘கேவ் அப் த த்ரோன் ஃபார் ஹெர்’ என்னும்போது ‘ஃபார்’ என்பது ‘-க்காக’ என்ற பொருளில் வருகிறது. ‘கேவ் அப் மீட் ஃபார் லென்ட்’ என்று ஒரு கிறிஸ்தவ நண்பர் சொன்னால், அவர் தவக்காலம் முடியும்வரை இறைச்சியை விட்டிருக்கிறார். அங்கே ‘ஃபார்’ காலத்தோடு சேர்கிறது. ‘ஃபார் குட்’ என்று முடித்தால், இனி எப்போதுமே தொடுவதில்லை என்று பொருள். ‘நன்மைக்காக’ என்று மொழிபெயர்த்த விடைத்தாள்களை நான் நிறையத் திருத்தியிருக்கிறேன்.

இவற்றிலிருந்து முற்றிலும் விலகி நிற்பது ‘கிவன் அப் ஃபார் டெட்’. புயலில் கடலுக்குப் போய் நாள்கணக்கில் திரும்பாத மீனவரை, இறந்தவர் என்றே வீட்டார் முடிவு செய்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த ‘ஃபார்’ ‘-ஆக’ என்று பொருள்படும். அதன் பின் ‘டெட்’ என்ற பெயரடை வரும். ‘டெத்’ என்று பெயர்ச்சொல்லைப் போட்டால் தவறு. ‘கிவ் அப் எ சைல்ட் ஃபார் அடாப்ஷன்’ என்றால் குழந்தையைத் தத்துக் கொடுப்பது. கைவிட்டது போன்ற குற்றத்தொனி இருப்பதால், அந்தத் துறையில் இருப்பவர்கள் பலர் இப்போது ‘ப்ளேஸ்’ என்ற வினையையே விரும்புகிறார்கள்.

‘கிவ் அப்’ இருக்கும்போது ‘கிவ் அப் ஆன்’ எதற்கு? ‘ஆன்’ சேர்ந்தால் என்ன கூடுகிறது?

என்னிடம் அதிகம் பேர் கேட்ட கேள்வி இதுதான். ‘டிபெண்ட் ஆன்’, ‘கவுண்ட் ஆன்’ ஆகியவற்றை நினைத்துப் பாருங்கள். ஒருவர் மீது நம்பிக்கை வைக்கிறோம். ஆங்கிலத்தில் அந்த ‘மீது’ என்பதற்கு ‘ஆன்’. அவர் மீது வைத்திருந்த நம்பிக்கையை எடுத்துக்கொண்டால் ‘கிவ் அப் ஆன்’. இங்கே விடப்படுவது ஆள் அல்ல, ஆள் மேல் வைத்திருந்த எதிர்பார்ப்பு. ‘கணக்கு உனக்கு வராது’ என்று ஓர் ஆசிரியர் ஒரு மாணவனை ஒதுக்கிவிட்டால் ‘த டீச்சர் கேவ் அப் ஆன் ஹிம்’. மாணவன் அதே வகுப்பில்தான் இன்னும் உட்கார்ந்திருக்கிறான்.

இனி ‘ஆன்’ இல்லாமல் பாருங்கள். ‘ஷி கேவ் ஹிம் அப்’ என்றால் அவனோடு இருந்த உறவை அவள் முறித்துக்கொண்டாள், அல்லது அவனைப் பிடித்துக் கொடுத்தாள். ஆளே கைவிட்டுப் போகிறான். கருத்துகளுக்கும் இதே கணக்கு. ‘கேவ் அப் த ஐடியா’ என்றால் திட்டத்தைக் கைவிட்டார், காரணம் எதுவாகவும் இருக்கலாம்; ‘கேவ் அப் ஆன் த ஐடியா’ என்றால் அது பலிக்காது என்று சலித்துப்போய்க் கைவிட்டார். மருத்துவர்கள் கைவிரித்துவிட்டார்கள் என்று நாம் சொல்லும் இடத்தில் ‘த டாக்டர்ஸ் ஹேட் கிவன் அப் ஆன் ஹிம்’ பொருந்தும். நம்முடைய ‘கைவிரித்தல்’ என்ற சொல்லில் உள்ள இயலாமையை அது முழுவதும் கொண்டுவராது என்பது என் எண்ணம்.

‘இட் அப்’ பற்றிய விதி இங்கே செல்லாது. ‘ஆன்’ வந்துவிட்டால் பிரதிப்பெயர் எப்போதும் அதற்குப் பின்னால்தான்.

அப்படியானால் ‘கிவ் அப் ஆன் ஹோப்’ என்று சொல்லலாமா?

வேண்டாம். நம்பிக்கை என்பதே விடப்படும் பொருளாக இருக்கும்போது ‘ஆன்’ வேண்டியதில்லை: ‘கிவ் அப் ஹோப்’. எதைப் பற்றிய நம்பிக்கை என்று சொல்ல வேண்டுமானால் ‘ஆஃப்’ போட்டுத் தொழிற்பெயரைச் சேருங்கள்: ‘கேவ் அப் ஹோப் ஆஃப் ஃபைண்டிங் இட்’.

‘கிவ் இன்’னும் இதுவும் ஒன்றுதானே? விட்டுக்கொடுப்பதற்கு எதைச் சொல்வது?

கடையில் மிட்டாய் கேட்டு அழும் பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். அப்பா வாங்கிக் கொடுத்துவிட்டால் ‘த ஃபாதர் கேவ் இன்’. அழுது பார்த்துப் பயனில்லை என்று பிள்ளை அடங்கிவிட்டால் ‘த சைல்ட் கேவ் அப்’. பிறரின் வற்புறுத்தலுக்கு இணங்குவது முதலாவது; தன் முயற்சியைத் தானே நிறுத்துவது இரண்டாவது. ‘கிவ் இன்’ என்பதோடு இந்தப் பொருளில் ‘டு’ மட்டுமே சேரும், நடுவில் பெயர்ச்சொல் வராது.

‘விட்டுக்கொடு’ என்ற தமிழ்ச்சொல்லுக்கு ஆங்கிலத்தில் ஒரே சொல் இல்லை. இருக்கையை விட்டுக்கொடுத்தால் ‘கிவ் அப்’. வாக்குவாதத்தில் விட்டுக்கொடுத்தால் ‘கிவ் இன்’. ‘நண்பனை யாரிடமும் விட்டுக்கொடுக்க மாட்டான்’ என்னும்போது இரண்டுமே உதவாது. ‘ஸ்டாண்ட்ஸ் அப் ஃபார் ஹிஸ் ஃப்ரெண்ட்’ என்று வேறு பக்கமாகப் போக வேண்டும்.

ராஜினாமா கடிதத்தில் ‘ஐ ஆம் கிவிங் அப் ஃப்ரம் மை ஜாப்’ என்று எழுதலாமா?

இதில் இரண்டு பிழைகள். ‘வேலையிலிருந்து’ என்ற தமிழ் உருபின் பழக்கத்தில் ‘ஃப்ரம்’ நுழைந்துவிட்டது. ‘கிவ் அப்’ பெயர்ச்சொல்லை நேராக ஏற்கும். ‘ஃப்ரம்’ சேர்வது ‘ரிசைன்’ என்பதோடு. அடுத்தது, ‘கிவ் அப்’ பேச்சுக்கும் பொதுவான எழுத்துக்கும் உரியது. கடிதத்தில் ‘ரிசைன் ஃப்ரம்’ என்றே எழுதுங்கள்.

ஆவணங்களில் பெயர்ச்சொல்லுக்கு ஏற்ப வினை மாறும். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர் இந்தியக் குடியுரிமையையும் சேர்த்து வைத்திருக்க நம் சட்டம் இடம் தருவதில்லை. அப்படிப்பட்ட உறவினர் வீட்டில் ‘கேவ் அப் மை இந்தியன் சிட்டிசன்ஷிப்’ என்று சொல்வார். படிவத்திலோ குடியுரிமைக்கு ‘ரினவுன்ஸ்’ என்றும், கடவுச்சீட்டுக்கு ‘சரண்டர்’ என்றும் இருக்கும். சொத்துரிமைக்கு ‘ரிலிங்க்விஷ்’, ஒரு நாடு இன்னொரு நாட்டுக்கு விட்டுத்தரும் நிலப்பகுதிக்கு ‘சீட்’ என்னும் வினை. கடைசியாகச் சொன்னது உட்காரும் இருக்கை அல்ல, தமிழில் எழுதும்போதுதான் இரண்டும் ஒன்றுபோல் தெரிகின்றன.

‘கேவ் ஹிம்செல்ஃப் அப் டு த போலீஸ்’ என்றால் சரணடைவதா?

ஆம், தன்னையே ஒப்படைப்பதால் ‘ஹிம்செல்ஃப்’ நடுவில் வருகிறது, பெறுபவர் காவல்துறை என்பதால் ‘டு’. பெறுபவர் ஆளாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ‘கேவ் ஹிம்செல்ஃப் அப் டு க்ரீஃப்’ என்றால் துயரத்தில் முழுவதும் ஆழ்ந்துபோனார் என்று பொருள்.

தாத்தா இறந்ததைச் சொல்ல ‘கேவ் அப் த கோஸ்ட்’ என்று எழுதலாமா? பைபிளில் இருக்கிறதே.

இருக்கிறது. 1611-இல் வெளியான ஆங்கில விவிலியத்தில், மாற்கு 15:37-இல், இயேசு உயிர்விட்டதை இந்தத் தொடரே சொல்கிறது. ‘கோஸ்ட்’ அங்கே பேயைக் குறிக்கவில்லை, உயிரைக் குறிக்கிறது. ‘உயிர்விட்டார்’ என்ற தமிழ்த்தொடரும் அதே அமைப்பில்தான் இருக்கிறது.

ஆனால் இன்றைய பேச்சில் இந்தத் தொடர் பெரும்பாலும் பழுதான எந்திரங்களுக்கே போயிற்று. ‘மை மிக்ஸி ஹேஸ் கிவன் அப் த கோஸ்ட்’ என்றால் ‘மிக்ஸி மண்டையைப் போட்டுவிட்டது’ என்ற தொனி. தாத்தாவின் இரங்கல் செய்தியில் அந்தத் தொனி வரக் கூடாதல்லவா? ‘பாஸ்ட் அவே’ என்று எழுதுங்கள்.

நிகழ்ச்சித் தொகுப்பாளர் ‘கிவ் இட் அப் ஃபார்’ என்று ஒருவர் பெயரைச் சொன்னதும் எல்லோரும் கை தட்டுகிறார்கள். எதை விட்டார்கள்?

எதையும் விடவில்லை. அமெரிக்க மேடைப் பேச்சிலிருந்து பரவிய மரபுத்தொடர் இது. கைதட்டலைத் தயங்காமல் கொடுங்கள் என்று பொருள். இதில் ‘இட்’ எதையும் சுட்டுவதில்லை, அதை எடுக்கவோ மாற்றவோ முடியாது. ‘கிவ் அப் ஃபார்’ என்று சுருக்கினால் பாராட்டப்பட வேண்டியவர் திகைத்துப்போவார்.

‘ஷி கேவ் ஹிம் அப், பட் ஷி நெவர் கேவ் அப் ஆன் ஹிம்.’ முன்னுக்குப் பின் முரணாக இருக்கிறதே?

தேர்வு ஒன்றின் பயிற்சித்தாளில் கண்டதாகச் சொல்லி ஒரு மாணவி கொண்டுவந்த வாக்கியம் இது. ‘ஆன்’ பற்றிய பதிலை வைத்துப் பாருங்கள். திருடிவிட்டு வீட்டில் ஒளிந்திருந்த மகனைத் தாயே காவல் நிலையத்தில் ஒப்படைக்கிறார். அது முதல் பாதி. அவன் திருந்துவான் என்று சிறைக்கு வாரந்தவறாமல் போய்ப் பார்த்துவருகிறார். அது இரண்டாம் பாதி. இந்த விளக்கத்தைக் கேட்ட அந்த மாணவி, தமிழில் இதை எப்படிச் சொல்வது என்று திருப்பிக் கேட்டார். ‘பிடித்துக் கொடுத்தாள், ஆனால் கைவிடவில்லை’ என்று கரும்பலகையில் எழுதினேன். பின் வரிசையில் இருந்த கடைக்காரர், ‘கொடுத்தாள், கைவிடவில்லை என்றாலே போதுமே சார்’ என்றார். அவர் சொன்னதே நன்றாக இருந்தது என்று மேலே எழுதியதை அழித்துவிட்டேன்.